ராமானுஜனுக்கு வழிவிட்ட விதி

ஜவ்வாது மலையில் காவலூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து மலையேறிச் சென்றால் காட்டுக்கு நடுவே வெண்ணிறக் கூடாரங்கள் சில தெரியும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அது. 1988-இல் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றிவரும் அந்தப் பாறைக்கு 4130 என்பது எண், ராமானுஜன் என்பது பெயர். கல்லூரித் தேர்வில் தோற்ற ஒரு தமிழரின் பெயர் தமிழ்நாட்டு மலையொன்றிலிருந்து வானத்துக்கு ஏறியது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமைக்கு நமக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வியை எழுப்பியவள் அதே மலையைச் சேர்ந்த ஒரு பெண். சாமையும் தேனும் விற்றுப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். சமவெளியில், வேறொரு மாவட்டத்தில், ஒரு கல்லூரியில் இளநிலை இயற்பியல் சேர்ந்தாள். கல்லூரியின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இங்கே வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பெரிதாக மாறிவிடாது. மூன்றாம் ஆண்டில் 'விருப்பப்பாடம்' என்று ஒன்று வந்தது. நம் கல்லூரிகளில் விருப்பப்பாடத்தை விரும்புவது மாணவர் அல்லர், துறை. எந்த ஆசிரியருக்கு எந்த நேரம் காலியாக இருக்கிறதோ அதுவே வகுப்பு முழுவதற்கும் விருப்பம். இவளோ வானியற்பியல் படிக்க விரும்பினாள். கல்லூரியில் அதை நடத்த ஆளில்லை. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் வேறொரு நிறுவனத்தின் பேராசிரியர் நடத்தும் 12 வாரப் பாடம் இருந்தது. அதைப் படித்துத் தேர்வெழுதி, அந்தக் கிரெடிட்டை, அதாவது மதிப்புப் புள்ளியை, விருப்பப்பாடத்தின் இடத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஒரு விண்ணப்பம் எழுதினாள்.

விண்ணப்பம் துறைத்தலைவரிடம் போனது. அவர் நல்லவர், பரிந்துரைத்தார். முதல்வரிடம் போனது. அவர் அஞ்சினார், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அதன்பின் அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பாடம் தொடங்கியது, நடந்தது, முடிந்தது. அவள் அந்தத் தேர்வையும் எழுதினாள், எதற்கும் இருக்கட்டும் என்று கல்லூரியின் விருப்பப்பாடத் தேர்வையும் எழுதினாள். இரண்டிலும் தேறினாள். எல்லாம் முடிந்தபிறகு ஒரு கடிதம் வந்தது: 'பொருள் பரிசீலனையில் உள்ளது.' இன்று அவளிடம் வானியற்பியல் சான்றிதழ் ஒன்று பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை.

'இதற்கா இத்தனை ஆவேசம்?' என்று நண்பரொருவர் கேட்டார். இதற்குத்தான்.

*

ராமானுஜனின் கதையை நாம் எப்போதும் பாதியாகவே சொல்கிறோம். மேதையை அடையாளம் காணாத மூடக் கல்லூரிகள், அடையாளம் கண்ட ஹார்டி, கேம்பிரிட்ஜ், பிறகு கண்ணீர். இடையில் நம் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த காரியத்தை விட்டுவிடுகிறோம்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தவர் அவர். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த உதவித்தொகை அது. பட்டமே இல்லாதவருக்குக் கொடுப்பதா என்று எதிர்ப்பு எழாமல் இல்லை. பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டத்தின் முகவுரையிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பது அதன் கடமையென்று சொல்லப்பட்டிருக்கிறதே என்று ஆட்சிக்குழுவில் வாதிடப்பட்டதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்கிறார்கள். விதியை எழுதியதன் நோக்கத்தைக் கொண்டு விதியைப் படித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் தந்தார்.

அடுத்த ஆண்டு, வேறொரு நிறுவனத்தில் கற்பதற்கென்று, அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வைக் கொண்டே பட்டம் கொடுத்தது, சென்னையில் எஃப்.ஏ. தேறாததை ஒரு குறையாகப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

கவனியுங்கள்: அன்றைய சென்னைப் பல்கலைக்கழகம் புரட்சி நிறுவனம் ஒன்றும் அல்ல. காலனி அரசின் தேர்வு நடத்தும் இயந்திரம். அந்த இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருந்த சிலருக்கு, கோப்புக்கு அப்பால் ஒரு மனிதன் நிற்பது தெரிந்தது. அவ்வளவே.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உ.வே.சாமிநாதையர். அவரிடம் எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. ஊர் ஊராகச் சென்று ஆசிரியர்களிடம் பாடம் கேட்டவர். கடைசியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். 1880-இல் தியாகராச செட்டியாரின் பரிந்துரையோடு கும்பகோணம் கல்லூரிக்கு வந்தபோது, அங்கிருந்தவர்கள் கேள்விகள் கேட்டுச் சோதித்தார்கள், திருப்தியடைந்தார்கள், வேலை கொடுத்தார்கள். 'எங்கே படித்தாய்' என்பதைவிட 'என்ன தெரியும்' என்பது முக்கியமாக இருந்தது. அவர் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். மறு ஆண்டு அதே கும்பகோணம் கல்லூரிக்கு ராமானுஜன் வந்தார், தோற்றார். ஒரே கல்லூரி, இரண்டு முகங்கள். நம் பல்கலைக்கழகங்கள் இரண்டாவது முகத்தை மட்டும் நிரந்தரமாக மாட்டிக்கொண்டு விட்டன.

*

'விதி இல்லையே, அவர்கள் என்ன செய்வார்கள்?' என்று கேட்பவர்களுக்கு: விதி இருக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது.

2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஸ்வயம் பாடங்களுக்கான கிரெடிட் விதிமுறையை வெளியிட்டது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இப்படி வெளியே படிக்கலாம் என்றது. கல்விப் பேரவை குறித்த காலத்துக்குள் கூடி எந்தெந்தப் பாடங்களை ஏற்பது என்று முடிவு செய்யவேண்டும் என்றது. இந்தப் பாடங்களில் பெற்ற கிரெடிட்டை எந்தப் பல்கலைக்கழகமும் மாணவருக்கு மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. 2021-இல் அந்த வரம்பு 40 விழுக்காடானது. அதே ஆண்டு ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கிக்கான விதிமுறையும் வந்தது. பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியைப் படித்தால் போதும், மீதியை வேறு நிறுவனங்களிலிருந்து கொண்டுவரலாம், சேர்த்த புள்ளி ஏழாண்டுவரை செல்லும் என்பது அதன் சாரம்.

காகிதத்தில் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. பிறகு எங்கே அடைபடுகிறது?

அடைபடும் இடம், இணைவுக் கல்லூரி என்ற அமைப்பு. தன்னாட்சி பெற்ற கல்லூரிக்குச் சொந்தமாகக் கல்விப் பேரவை உண்டு, தானே முடிவெடுக்கலாம். பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட சாதாரணக் கல்லூரிக்கோ பாடத்திட்டத்தில் ஒரு வரியை மாற்றும் அதிகாரம்கூடக் கிடையாது. மலையிலிருந்தும் குக்கிராமத்திலிருந்தும் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது இந்த இரண்டாவது வகையில்தான். ஆகவே மாணவியின் ஒற்றை விண்ணப்பம், நூறு கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தித் தாள் திருத்திக் களைத்துப்போயிருக்கும் ஒரு தலைமையகத்துக்குப் போகிறது. அந்தப் பேரவை ஆண்டில் சில முறை கூடும். பாடமோ 12 வாரத்தில் முடிந்துவிடும். மறுத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. மறுத்தால் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு மேல்முறையீடு கிடையாது.

சரி, நிர்வாகத் தாமதம்தானே என்று சமாதானம் கொள்ளவும் முடியவில்லை. 2022-இல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியபோது வெளி நிறுவனங்கள் நடத்தும் திறன் பாடங்கள் மளமளவென்று கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் கிரெடிட்டோடு நுழைந்தன. திட்டத்தின் நன்மை தீமை வேறு விஷயம். வெளியாள் நடத்தும் பாடத்துக்கு ஒரே கல்வியாண்டுக்குள் புள்ளி கொடுக்க நம் பல்கலைக்கழகங்களால் முடியும் என்பது அதில் நிரூபணமாயிற்று. மேலிருந்து ஆணை வந்தால் முடிகிறது. கீழிருந்து விண்ணப்பம் வந்தால் முடிவதில்லை. ஆகவே இது இயலாமை அல்ல, மனோபாவம்.

*

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வாதங்கள் இருக்கின்றன. மூன்றையும் மதிக்கிறேன்.

முதலாவது, இது தில்லியிலிருந்து வரும் திட்டம், மாநிலத்தின் கல்வி உரிமையைக் கரைக்கும் வழி என்பது. அந்த அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் தில்லியின் தளம் வேண்டாமென்றால் தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்வதை யார் தடுத்தார்கள்? மதுரையில் நடக்கும் பாடத்தை வேலூர்க்காரரும், கோவையில் நடக்கும் பாடத்தைத் திருநெல்வேலிக்காரரும் படிக்கலாம் என்று நாமே ஒரு விதி எழுதியிருக்கலாமே. மாநில உரிமை என்பது ஒன்றும் செய்யாமலிருக்கும் உரிமை அல்ல.

இரண்டாவது, ஆசிரியர்களின் வாதம். மாணவர் பாதிப் பாடத்தை வெளியே படித்தால் எங்கள் பணிச்சுமைக் கணக்கு குறையும், பணியிடம் போகும், முதலில் போகிறவர் கௌரவ விரிவுரையாளர். இது நிஜமான அச்சம். இணையவழிப் பாடத்தைக் காட்டி, நிரப்பவேண்டிய பணியிடங்களை நிரப்பாமல் விடும் தந்திரத்தை நானும் எதிர்க்கிறேன். ஆனால் நம் மாணவி கேட்டது என்ன? கல்லூரியில் நடத்த ஆளே இல்லாத ஒரு பாடத்தை. அங்கே பறிபோக ஒரு பணியிடம் இருக்கவில்லை. இல்லாத ஆசிரியரின் வேலையைக் காப்பாற்ற இருக்கிற மாணவியின் ஆர்வத்தைப் பலியிட வேண்டுமா? கல்லூரியில் இல்லாத பாடங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினால் இந்த வாதம் தீர்ந்துபோகும்.

மூன்றாவது, தரம். இதைச் சொல்லும்போது குரல்கள் கனத்துவிடுகின்றன. வெளியே படித்தது எங்கள் தரத்துக்குச் சமமா? உயர்கல்வித் துறை அவ்வப்போது வெளியிடும் இணைத்தன்மை அரசாணைகளைப் படித்தவர்களுக்கு இதன் பின்னாலுள்ள கிலி புரியும். இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானது, இது இணையானதல்ல என்று அரசுப் பணிக்காகத் தீர்ப்பளிக்கும் ஆணைகள் அவை. பெயரில் ஒரு சொல் கூடியதற்காக வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். முதல்வர் அஞ்சியதும் இதனால்தான். ஆனால் இந்தக் கிலியைப் போக்க வேண்டியவர் யார்? பாடம் தொடங்குமுன்பே 'இது இதற்கு இணை' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டிய பல்கலைக்கழகமா, இருபது வயதுப் பெண்ணா?

ஐரோப்பாவில் 1987-இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது இதே சிக்கல் வந்தது. அவர்கள் கண்ட வழி எளியது. புறப்படுமுன் மாணவர், சொந்தப் பல்கலைக்கழகம், போகும் பல்கலைக்கழகம் மூவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள். தேறி வந்தால் புள்ளி கொடுத்தே ஆகவேண்டும். 1997-இல் லிஸ்பனில் உருவான உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது: அங்கீகரிக்க மறுக்கும் நிறுவனம்தான் கணிசமான வேறுபாடு இருக்கிறதென்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை மாணவரின் தோளிலிருந்து அலுவலகத்தின் மேசைக்கு இடம் மாறியது.

ஐரோப்பா தொலைவு என்றால் காவலூருக்கே வருவோம். அந்த வானாய்வகத்தை நடத்தும் நிறுவனம் 1982 முதல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களோடு சேர்ந்து கூட்டு வானியல் திட்டம் ஒன்றில் பங்கேற்று வருகிறது. பல நிறுவனங்களின் அறிஞர்கள் பாடம் நடத்துகிறார்கள், ஆய்வை வேறு நிறுவனத்தில் செய்யலாம், பட்டத்தை அறிவியல் கழகம் கொடுக்கிறது. வானம் உடைந்து விழவில்லை. ஆக, உச்சியில் இருப்பவர்களுக்கு நிறுவன எல்லைகள் எப்போதோ கரைந்துவிட்டன. அடிவாரத்தில் இருப்பவர்களுக்குத்தான் வேலி.

*

நான் கேட்பது புதிய திட்டம் அல்ல, புதிய தளம் அல்ல. மூன்றே மூன்று. விண்ணப்பத்துக்கு முப்பது நாளில் பதில். பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளவேண்டும். மறுத்தால் பாடத்தில் என்ன குறை என்று எழுத்தில் காரணம். கல்லூரியில் நடத்தப்படாத பாடங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் கல்லூரி முதல்வருக்கே. இதற்குப் பணம் வேண்டாம். ஒரு தீர்மானம் போதும்.

அந்தப் பெண் இப்போது முதுகலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். விண்ணப்பப் படிவத்தில் 'பட்டப்படிப்பில் வானியற்பியல் பயின்றதுண்டா' என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். பயின்றாள். தேர்வும் எழுதினாள், தேறினாள். பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி பயிலவில்லை. உண்மையை எழுது என்றேன். எது உண்மை என்று திருப்பிக் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை.