செம்புக் காசைத் தேய்க்காதீர்கள்!

குலசேகரம் வட்டாரத்தில் பழைய வீட்டுப் பெட்டியைக் குடைந்தால், சில வேளை பச்சை பூத்த செம்புக் காசு கிடைக்கும். வட்டமாக இராது. ஓரம் பிசிறாக இருக்கும். பாதிப் படம்தான் தெரியும்.

"இது செல்லாக் காசு" என்று சிலர் பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டு விடுவார்கள். சிலர் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். இரண்டுமே தவறு!

ரூபாய்க்கு 448 காசு

குலசேகரம் முன்பு திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது.

திருவிதாங்கூர் மகாராஜாக்கள் தனி நாணயம் அடித்தார்கள். 16 காசு சேர்ந்தால் ஒரு சக்கரம். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். அதாவது, ரூபாய்க்கு 448 காசு! குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் பணத்தைச் "சக்கரம்" என்று சொல்வது இதனால்தான்.

சுத்தியல் அடி

இயந்திரம் வருவதற்கு முன்பு நாணயத்தைக் கையால்தான் அடித்தார்கள். எடை பார்த்து வெட்டிய செம்புத் துண்டை ஓர் அச்சின் மேல் வைப்பார்கள். அதன்மேல் இன்னோர் அச்சை வைத்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அச்சைவிடத் துண்டு சிறிதாக இருந்தால் படம் முழுவதும் விழாது. அடி சாய்ந்தால் படமும் ஒதுங்கி விடும். ஆகவே, பாதிப் படம் குறை அல்ல. அது கை வேலையின் அடையாளம்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் படத்தைப் பார்க்க வேண்டும். சங்கு திருவிதாங்கூரின் சின்னம். ஆனால் அவசரம் கூடாது. கொச்சி ராஜ்யத்து நாணயங்களிலும் சங்கு உண்டு. நல்ல வட்டமாக, "ஆர்.வி." என்ற இங்கிலீஷ் எழுத்தோடு இருந்தால், அது இயந்திரத்தில் அடித்த பிற்காலக் காசு.

எழுத்தை மட்டும் நம்பி ஊரைச் சொல்லவும் கூடாது. புதுக்கோட்டை ராஜ்யத்தின் "அம்மன் காசு" இதற்கு நல்ல உதாரணம். ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் "விஜய" என்று தெலுங்கில் இருக்கும். நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசைத் தானம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் காசு, எழுத்தோ தெலுங்கு!

ஓரத்தைச் சுற்றி ஒட்டுப் போட்டதுபோல் கோடு இருந்தால், அது அச்சில் வார்த்த போலியாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது

புளியின் புளிப்பு செம்பை அரிக்கும். மேலாக விழுந்த எழுத்து தேய்ந்து போகும். பிறகு எந்த நிபுணராலும் அது யார் காசு என்று சொல்ல முடியாது.

காசைத் தேய்க்காமல் காகிதத்தில் மடித்து வைக்க வேண்டும். எங்கே கிடைத்தது என்று அதன்மேல் எழுத வேண்டும். சென்னை எழும்பூர், புதுக்கோட்டை அருங்காட்சியகங்களில் உள்ள நாணயங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மண்ணைத் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இது 1878-ம் ஆண்டுச் சட்டம்.

ஒரு செம்புக் காசை எடைக்குப் போட்டால் ஒரு டீ குடிக்கக்கூடப் பணம் கிடைக்காது. பாட்டன் காலத்துக் காசு போனால் போனதுதான்!