பாயிரம் பாடும் யந்திரம்

நூலொன்றை எழுதி முடிப்பது ஒரு பாடு. அதனை அச்சேற்றுவது இன்னொரு பாடு. அச்சேறிய நூலை வாசகன் கையிற் சேர்ப்பதோ இவ்விரண்டினும் பெரும்பாடு. ஈழத்தில் எழுதுவோர் யாவரும் இதனை நன்கறிவர். 300 பிரதிகளோ 500 பிரதிகளோ அச்சிட்டு, வெளியீட்டு விழா நடத்தி, முதற் பிரதியைப் பிரமுகர் ஒருவருக்கும் சிறப்புப் பிரதிகளை உற்றார் உறவினர்க்கும் வழங்கியபின், எஞ்சியவற்றைக் கட்டுக் குலையாமல் அலுமாரியின்மேல் அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாள நண்பர் பலரை எனக்குத் தெரியும்.

இந்நிலையிலே, கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் ஓடும் சிறு காணொளி மூலம் நூலை அறிமுகஞ் செய்யும் வழக்கம் அண்மைக் காலத்தில் நம்மிடையே பரவி வருகின்றது. அக்காணொளியை ஆக்கும் பொறுப்பைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஒப்படைத்துவிடும் வழக்கமும் அதனுடன் சேர்ந்தே வளர்கின்றது. இதனை எள்ளி நகையாடுதல் எளிது. கலிகாலம் என்று பெருமூச்செறிதல் அதனினும் எளிது. அவ்விரண்டும் என் நோக்கமல்ல. ஆயின், நூலைப் படியாத ஒன்று நூலை அறிமுகஞ் செய்யலாமா என்னும் கேள்வியை எழுத்தாளரும் பதிப்பாளரும் எதிர்கொண்டேயாக வேண்டும் என்று கருதுகின்றேன்.

செய்முறையை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பின்னட்டைக் குறிப்பு ஆகியவற்றை உரையாடும் கருவியொன்றிடம் கொடுத்து, ஒரு நிமிடத்துக்குரிய உரையை எழுதித் தருமாறு கேட்பர். ஆறுதலாக வாசிப்பதாயின் அது தமிழில் ஏறத்தாழ 100 சொற்கள். அவ்வுரையை வேறொரு கருவி செயற்கைக் குரலில் வாசிக்கும். மற்றுமொன்று படம் ஆக்கித் தரும். கூகிள் நிறுவனம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட வியோ 3 என்னுங் கருவி, நாம் எழுதிக் கொடுக்குஞ் சில வரிகளைக் கொண்டே, ஓசையுடன் கூடிய 8 விநாடிப் படத்துண்டை உருவாக்க வல்லதாயிற்று. இத்தகைய துண்டுகள் சிலவற்றை ஒட்டினால் அறிமுகம் ஆயத்தம். அதே நிறுவனத்தின் நோட்புக்எல்எம் என்பதற்கு நூலின் கோப்பையே கொடுத்துவிட்டால், படமுங் குரலுமாகத் தொகுப்புரையொன்றைத் தானே செய்து தரும் வசதி அவ்வாண்டு யூலையில் வந்து சேர்ந்தது.

இதனால் விளையும் நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், குரல் கொடுப்பவர் என மூவரை அமர்த்திக் காணொளி எடுப்பதற்கு நம் எழுத்தாளரிடம் பணம் ஏது? வவுனியாவிலோ மூதூரிலோ இருந்து முதற் சிறுகதைத் தொகுதியை வெளியிடும் இளைஞர் ஒருவர், தம் கைப்பணத்தை அச்சகத்துக்குக் கொடுத்து முடித்திருப்பார். அவருடைய நூலைப் பற்றிய செய்தி டொறொன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள வாசகரை ஒரே இரவிற் சென்றடையும் என்றால், அதனை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆயின் அறிமுகம் என்பது செய்தி மாத்திரம் அன்று. நூலுக்கு அறிமுகம் உரைப்பவர் யார், அவர் உரைக்க வேண்டியவை எவை என்று தமிழர் பண்டுதொட்டே சிந்தித்து வந்துள்ளனர். பவணந்தி முனிவர் நன்னூலிலே பாயிர இலக்கணத்தை வகுத்தபோது, ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டனைச் சிறப்புப் பாயிரம் கூறவேண்டும் என்றார். அதனைக் கூறுதற்கு உரியவர் யார் என்பதையும் வரையறுத்தார். நூலாசிரியனின் ஆசான், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், நூலுக்குத் தக்க உரை காண்பவன் ஆகிய நால்வருமே அவ்வுரிமை பெற்றோர். ஆசிரியன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்பதையுஞ் சேர்த்துச் சொல்லிவைத்தார்.

இந்நால்வருக்கும் பொதுவான தகுதி ஒன்றுண்டு. முதல் மூவர் ஆசிரியனை அறிந்தவர். நான்காமவர் நூலை அறிந்தவர். இரண்டையும் அறியாதவர் எவரும் இப்பட்டியலில் இல்லை. நமது யந்திரத்தை இந்நால்வருள் எவர் வரிசையில் நிறுத்துவது? ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் அட்டையிலே உள்ளன. அவற்றை அது பிழையின்றிச் சொல்லும். நுதலிய பொருளைப் பின்னட்டை எவ்வளவு சொல்கின்றதோ அவ்வளவுக்குச் சொல்லும். ஆனால் வழி, எல்லை, கேட்போர் என்னும் மூன்றிலும் அது தடுமாறுகின்றது. இந்நூல் எந்த மரபிலே வந்தது, எந்த மண்ணிலே வழங்குவது, எவரை நோக்கிப் பேசுவது என்பவை பின்னட்டையில் அச்சிடப்படுவதில்லை அல்லவா?

இதனைச் சோதித்துப் பார்க்கும் ஆவலினால், கோகிலம் சுப்பையா எழுதி 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தூரத்துப் பச்சை’ என்னும் நாவலை எடுத்துக்கொண்டேன். மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட நாவல் அது. நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் பொருளையுங் கொடுத்து, ஒரு நிமிடக் காணொளி செய்து தருமாறு கருவியொன்றைப் பணித்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை, காணொளி வந்துவிட்டது. பனி படர்ந்த பச்சை மலை, அருவி, பின்னணியிலே புல்லாங்குழல். பட்டுப் போன்று பளபளக்குஞ் சேலையணிந்த பெண்கள் புன்னகை பூத்தவண்ணம் கொழுந்து பறித்தனர். தலையில் மாட்டிய கயிற்றிலே முதுகுப்புறமாகத் தொங்க வேண்டிய கொழுந்துக் கூடை, பூக்கூடைபோல் அவர்கள் கையிலே ஆடிற்று. லயம் ஒன்றேனும் காணப்படவில்லை. அதற்குப் பதிலாகத் துரையின் பங்களா மிக அழகாகக் காட்சியளித்தது. பசுமை கொஞ்சும் மலைகளிடையே மலர்ந்த வாழ்வியற் காவியம் என்று குரலொன்று கனிவாக முழங்கிற்று.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம் பழமொழி. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கே அது பச்சை. கிட்ட நின்று அட்டைக்கடியும் குளிரும் அனுபவிப்பவனுக்கு அது வேறு. இக்கசப்பு அந்நாவலின் தலைப்பிலேயே தொனிக்கின்றது. கருவியோ அத்தலைப்பு எதை எச்சரிக்கின்றதோ அதனையே செய்து காட்டிற்று: தூரத்திலே நின்று பச்சையைப் படம் பிடித்தது. நாவலைப் படித்த எவரும், எத்துணைச் சோம்பேறியாயினும், இப்படத்தை அதற்கு அறிமுகமாகக் காட்டத் துணியார்.

யந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. இக்கருவிகள் தலைப்பிட்ட படங்களைக் கணக்கின்றிக் கண்டு, எச்சொல்லோடு எப்படம் அடிக்கடி வருகின்றது என்பதைக் கொண்டே தம் காட்சிகளை ஆக்குகின்றன. இலங்கைத் தேயிலை என்றால் உலகில் மலிந்து கிடப்பவை தேயிலைப் பெட்டியின் மேலட்டைகளும் உல்லாசப் பயண விளம்பரங்களுமே. லயத்தின் ஒழுகுங் கூரையை யார் விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்?

‘நூலையே முழுதாகக் கொடுத்துவிட்டால் இக்குறை நீங்காதோ?’ என்று கேட்கலாம். ஓரளவு நீங்கும். ஆனால் ஈழத்து நூல்களுட் பெரும்பாலானவற்றை யந்திரம் படிக்கத்தக்க எழுத்து வடிவில் நாம் இன்னும் ஆக்கி வைத்தோமில்லை. 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் எத்தனையோ ஆயிரம் நூல்களையுஞ் சஞ்சிகைகளையும் அழிவினின்றுங் காத்துத் தந்திருக்கின்றது. அத்தொண்டு பெரிது. ஆயினும் அங்குள்ளவற்றுட் பெரும்பகுதி பக்கங்களின் படங்களே. பழைய அச்சில் ணை, லை, னை முதலிய எழுத்துக்கள் இன்றைய வடிவின் வேறாக இருக்கும். மங்கிய தாளில் அவற்றைக் காணும் யந்திரம் தடுமாறாமல் என்ன செய்யும்?

புதிய நூலாயினும், தெளிவான கோப்பாயினும், இன்னொரு தொல்லை இருக்கின்றது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் சிறுகதையைச் சுருக்கித் தருமாறு ஒரு கருவியிடம் கொடுத்தேன். கதாநாயகன் மாலை வேளையில் ஒழுங்கையைக் கடந்து செல்கின்றான் என்பது கதை. அவன் ஒழுங்கை மீறியவன் என்று கருவி எழுதியது. போதாக்குறைக்கு, சமூகக் கட்டுப்பாடுகளை எதிர்த்த புரட்சியாளன் என்றும் அவனைப் போற்றிற்று. இரு மருங்கும் கிடுகுவேலி நிற்கும் சிறு தெருவைத்தான் நாம் ஒழுங்கை என்கின்றோம் என்பதை அதற்கு எவருஞ் சொல்லிக்கொடுக்கவில்லை. இரசித்துச் சிரித்தோம் என்பது உண்மையே. ஆனால் அக்கதையைப் படித்திராத ஒருவர் அக்காணொளியைக் கண்டு சிரித்திருக்கமாட்டார், நம்பியிருப்பார்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும் என்பதை அறிவேன். மனிதர் மாத்திரம் நூலைப் படித்துவிட்டா பேசுகின்றனர்? நியாயமான கேள்விதான். வெளியீட்டு விழா மேடையில் அமர்ந்தபின்னரே நூலைப் புரட்டி, தம் முறை வருமுன் இரண்டு பக்கம் பார்த்து, அரைமணி நேரம் நயவுரை நிகழ்த்தும் வித்தகர்களை நாம் பொறுமையோடு கேட்டிருக்கின்றோம். பாயிரத்துக்குப் புனைந்துரை என்றும் ஒரு பெயருண்டு. நம் பேச்சாளர் சிலர் அதனைப் புனைந்து உரைத்தல் என்றே பொருள் கொண்டனர் போலும்! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. படியாமற் பேசுகின்றவர் மேடையிலே தடுமாறுவார். நூலாசிரியரின் குடும்பப் பெருமைக்குத் தாவுவார். தம் இளமைக்காலத்துக்குச் சென்றுவிடுவார். சபையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். யந்திரத்துக்கு இத்தடுமாற்றம் இல்லை. படித்ததைச் சொல்லும்போதும் படியாததைச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றே.

அதன் விளைவை அமெரிக்காவிலே கண்டனர். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் சிக்காகோ சன்-டைம்ஸ் பத்திரிகையுடன் வெளிவந்த இணைப்பிதழொன்று, கோடை விடுமுறையில் வாசிப்பதற்கென 15 நூல்களை அறிமுகஞ் செய்தது. அவற்றுள் 10 நூல்கள் உலகில் எவராலும் எழுதப்படாதவை. இசபெல் அலெண்டே போன்ற புகழ் வாய்ந்தோரின் பெயரில், அவர்கள் எழுதியே இராத நாவல்களுக்குக் கதைச் சுருக்கமும் தரப்பட்டிருந்தது. பட்டியலை ஆக்கியவர் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி, சரிபார்க்காமல் விட்டதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். அது வாரப் பத்திரிகையோ சிற்றேடோ அன்று, பெருநகரொன்றின் நாளிதழ்.

ஆகையால் கருவிகளை ஒதுக்கிவிட வேண்டும் என்கின்றேனா? இல்லை. எந்த வேலைக்கு அவை என்பதிலேதான் என் கட்சி இருக்கின்றது. கைத்தொலைபேசியிற் பதிந்த குரலிலிருந்து விசிறியின் இரைச்சலையும் தெருவோசையையும் நீக்குவதற்கு அவை கைகண்டவை. இடையிடையே நின்றுபோன இடங்களை வெட்டி ஒட்டுவதற்கும் அப்படியே. பஸ்ஸிலே ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவருக்கும் செவிப்புலன் குறைந்தோருக்கும் உதவும்படி பேச்சைக் கீழே எழுத்தாகக் காட்டுவது மிகப் பெரிய வசதி. ஒழுங்கையைப் போன்ற சொற்களை மாத்திரம் ஒருவர் இருந்து திருத்தியாக வேண்டும். இவையனைத்தும் கையுழைப்பு. கையுழைப்பை யந்திரம் வாங்கிக்கொள்ளட்டும்.

சொல்லை மாத்திரம் படித்தவர் சொல்லட்டும். நூலை முழுதும் வாசித்த ஒருவர், ஆசிரியரின் மாணவராகவோ அயலவராகவோ நூல்நிலையத்து இளைஞராகவோ இருக்கலாம், நூலைக் கையிலேந்தி, தமக்குப் பிடித்த பந்தி ஒன்றைத் தம் ஊர்த் தமிழிலேயே வாசித்துக் காட்டினால் அரை நிமிடம் ஆகும். ஏன் பிடித்தது என்று சொல்வதற்கு மற்ற அரை நிமிடம் தாராளம். மட்டக்களப்புக் கதையை மட்டக்களப்புக் குரலிலே கேட்பதிலுள்ள சுவையை எச்செயற்கைக் குரல் தரும்? படம் வேண்டுமாயின் நூலின் அட்டை இருக்கின்றது, ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி இருக்கின்றது, கதை நிகழ்ந்த ஊர் இருக்கின்றது. அட்டைச் சித்திரத்தை வரைந்த ஓவியரின் பெயரை ஒருவருஞ் சொல்வதில்லை. அதனையும் இந்தச் சாக்கிலே சொல்லிவிடலாம். யந்திரம் வரைந்த காட்சி தவிர்க்க முடியாததாயின், யந்திரம் வரைந்தது என்று அதன்மேல் எழுதிவிடுவதில் என்ன குறை வந்துவிடும்?

ஒரு நிமிடத்தில் இவ்வளவு இயலுமா என்று ஐயுறுவோர் டொமினிக் ஜீவாவை நினைத்துக்கொள்ளலாம். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கியவர், அச்சஞ்சிகையைத் தாமே சுமந்துசென்று யாழ்ப்பாணத்துத் தெருக்களில் விற்றார். வழியிற் கண்டவரை நிறுத்தி இதழிலே என்ன இருக்கின்றது என்று சொல்வதற்கு அவருக்கு அரைமணி நேரமா கிடைத்திருக்கும்? அடுத்த மாத இதழுடன் அதே தெருவுக்கு, அதே மனிதரிடம் வரவேண்டியவர் அவர்.

பதிப்பாளர்க்கு இன்னுமொன்று சொல்ல வேண்டும். அண்மையில் நான் பார்த்த அறிமுகக் காணொளிகளிலே மலை, கடல், நிலவு, மழை எல்லாம் இருந்தன. நூலின் விலையும் அது கிடைக்குமிடமும் மாத்திரம் இருக்கவில்லை. நூலை வாங்கலாமென்று மூன்று முறை போட்டுப் பார்த்தும் எங்கே போவதென்று தெரியாமற் போயிற்று. முடிவிலே ஐந்து விநாடி ஒதுக்கி, விலை இத்தனை ரூபா, இன்ன கடையிற் கிடைக்கும், தபாலிற் பெற இன்ன முகவரி என்று காட்டுவார்களாயின், அலுமாரியின்மேல் இருக்கும் கட்டுக்களுட் சிலவாவது பிரிக்கப்படும்.