சிறுநீரகமும் இதயமும்

சென்ற கிழமை வகுப்பு முடியுந் தறுவாயில் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, என் பெரியப்பாவுக்குப் பழுதுபட்டவை சிறுநீரகங்கள். ஆனால் அவர் இறந்தது இதய நோயால் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். அஃது எப்படி?" என வினவினான். நூலிலுள்ள விடையைச் சொல்லி அவனை அமர்த்தியிருக்கலாம். எனினும் அவ்விடை உலகுக்குக் கிடைத்த வரலாறு அதனினும் சுவையுடையதாகலின், நேயர்களுக்கும் அதனைக் கூற விரும்புகின்றோம்.

இலண்டன் மாநகரிலுள்ள கைஸ் வைத்தியசாலையில் றிச்சாட் பிறைற் என்னும் வைத்தியர் பணிபுரிந்தார். நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சுவார். முட்டையின் வெண்கருப்போல் ஏதேனும் திரண்டால் சிறுநீரகம் கெட்டது என்று அறிவார். அவர் 1836ஆம் ஆண்டில் இத்தகைய நோயாளர் நூற்றுவரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இடது இதயவறை தடித்திருக்கக் கண்டார். குருதியமுக்கத்தை அளக்கும் கருவி அன்று வைத்தியர் கையில் இல்லை. இருந்தும், கெட்ட குருதியை நுண்குழாய்களினூடே செலுத்த இதயம் மிகைபட உழைத்திருக்கக் கூடுமென்று அவர் ஊகித்தார்.

அவ்வூகம் பெரிதும் பிழைபடவில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் உப்பும் நீரும் உடலில் தேங்கும், குருதியமுக்கம் ஏறும், இதயத்தசை தடிக்கும். கழியாது நின்ற பொசுபேற்று நாடிச் சுவர்களிற் சுண்ணம் படியத் துணைபுரியும். நாட்பட்ட சிறுநீரக நோயாளர் பலர், இயந்திரத்தாற் குருதியைச் சுத்திகரிக்கும் நிலையை எய்துமுன்னரே இதய நோயால் மடிகின்றனர். மாணாக்கனின் பெரியப்பாவுக்கு நேர்ந்ததும் இதுவாகலாம்.

அங்ஙனமாயின், இதய நோயாளருக்கு உதவும் மருந்து இவர்களுக்கும் உதவுமன்றோ? உதவும் என்றே பலரும் எண்ணினர். நெடுங்காலமாக இதய மருந்துச் சோதனைகள் பலவற்றில் சிறுநீரக நோயாளரைச் சேர்ப்பதில்லை. ஜேர்மனியில் குருதிச் சுத்திகரிப்புப் பெற்றுவந்த 1,255 நீரிழிவு நோயாளரிடமே ஒரு சோதனை நடத்தப்பட்டது. கொலஸ்திரோலைக் குறைக்கும் மருந்து கொலஸ்திரோலை நன்கு குறைத்தது. ஆயினும் எதிர்பார்த்த அளவுக்கு இதயத்தைக் காக்கவில்லை. இம்முடிவு 2005இல் வெளியாயிற்று. பிறரிடங் கண்டதை இவர்கள்மேல் ஏற்றிப் பயனில்லை; இவர்களையே அணுகி ஆராய்தல் வேண்டும்.

அதற்கு ஆள் வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நின்று வினா எழுப்பப் பழகுதல் தனியே நூல் கற்று வருவதன்று. மூத்தவர் ஒருவர் உடனிருந்து காட்டவேண்டும். மூத்தவருக்கோ நேரமில்லை! இதனை உணர்ந்தே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள், பணியின் நடுக்கட்டத்தை எய்திய ஆராய்ச்சி வைத்தியருக்கென ஒரு நிதியுதவியை வகுத்தன. அதனைப் பெறுவோர் தம் வேலைநேரத்தில் காற்பங்கேனும் நோயாளரிடம் ஆராய்தற்கும் இளையோரைப் பழக்குதற்கும் செலவிடல் வேண்டும். எம் போன்ற ஆசிரியர்களுக்கு இச்செய்தி சற்றுப் பொறாமையைத் தருவதே.

பிறைற்றுக்கு அத்தகைய நிதியில்லை. ஆயினும் 1840களின் தொடக்கத்தில் கைஸ் வைத்தியசாலை, சிறுநீரக நோயாளருக்கென இரண்டு விடுதிகளையும் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தையும் ஒதுக்கியது. தம்மினும் இளையரான பார்லோ, றீஸ் என்னும் இருவரை அங்கே பிறைற் பணியிலமர்த்தினார். அவர்கள் கண்டவை 1843இல் அறிக்கையாயின. எழுதியோர் அவ்விருவரே, மேற்பார்வை செய்தவர் என்ற அளவிலேயே பிறைற்றின் பெயர் அதில் இடம்பெற்றது.