எழுத்துகளுக்குள் சொல் தேடும் கல்வி

2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உலக ஸ்கிராபிள் போட்டி நம் ஜொகூர் பாருவில் நடைபெற்றதையும், அதன் இறுதிச் சுற்றில் தாய்லாந்து நாட்டவரான பக்கோர்ன் நெமித்ரமன்சுக், இவ்விளையாட்டில் ஈடிணையற்றவர் என்று பெயர் பெற்ற நைஜல் ரிச்சர்ட்ஸை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று உலகப் பட்டம் பெற்றதையும் இந்நகர மக்களுள் இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. 2003-இல் கோலாலம்பூரிலும் 2005-இல் லண்டனிலும் இறுதிச் சுற்று வரை வந்து தோற்றுப்போன பக்கோர்ன், மூன்றாம் முறையாக முயன்று நம் ஊர் மண்ணில்தான் தம் மனோரதம் நிறைவேறக் கண்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு தேசத்தார், ஆங்கில எழுத்துகளை வைத்து ஆடும் ஆட்டத்தில் உலகத்தையே வென்றது எவ்வாறு என்று அப்போதே நாம் ஊன்றிக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்கு விடை தாய்லாந்தின் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. அந்நாட்டார் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், ஆங்கிலம் பயிலும் ஒரு சாதனமாகவே மாணவரிடையே பரப்பினர். பாங்காக்கில் கிங்ஸ் கப் என்ற பெயரில் நடைபெறும் போட்டிக்கு மாணவர்கள் பெருந்திரளாக வந்து சேர்கின்றனர். கோலாலம்பூரில் பக்கோர்னை வென்று பட்டம் பெற்ற பானுபோல் சுஜ்ஜயகோர்னும் தாய்லாந்துக்காரரே. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. நம்மவரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். 2007-இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியில் ரிச்சர்ட்ஸுக்கு அடுத்த இடத்தைப் பெற்றவர் மலேசியராகிய கணேஷ் ஆசீர்வாதம். எனினும் ஒருவர் பெற்ற கீர்த்தி வேறு, ஒரு சமூகம் முழுவதும் கைக்கொள்ளும் பழக்கம் வேறு.

இவ்விளையாட்டை வகுத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞரான ஆல்ஃபிரட் பட்ஸ் என்பவர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்திருந்த அவர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று பொறுமையுடன் எண்ணி, அதற்கேற்ப நூறு காய்களைப் பங்கிட்டார். ஈ என்ற எழுத்துக்குப் பன்னிரண்டு காய்கள். க்யூவுக்கும் ஸெட்டுக்கும் ஒவ்வொன்றே. பலவற்றைக் குறிக்கச் சொல்லின் கடைசியில் எஸ் சேர்ப்பது மிக எளிதாதலால், அந்த எழுத்துக்கு நான்கு காய்களே கொடுத்தார். ஆடுகிறவர் கையில் ஏழு எழுத்துகள் இருக்கும். அவ்வேழையும் ஒரே சொல்லாகப் பலகையில் வைத்துவிட்டால் ஐம்பது புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

ஒருவர் கையில் ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்னும் ஏழு எழுத்துகளும் வந்து சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை 5,040 விதமாக அடுக்கலாம். அவற்றுள் பத்துக்குக் குறையாத அடுக்குகள் அகராதியில் இடம்பெற்ற சொற்கள். நாஸ்டியர், ரிட்டெய்ன்ஸ், ஸ்டெய்னர், ரெட்டினாஸ் ஆகியன படித்தவர் அறிந்தவை. ஸ்டியரின் என்ற சொல் மெழுகுவத்தி செய்ய உதவும் கொழுப்புப் பொருளைக் குறிப்பது. பழகாத கண்ணுக்கு இவ்வேழும் வெறும் எழுத்துக் குவியலாகவே தோன்றும். பழகியவரோ ஈ-ஆர், ஐ-எஸ்-டி போன்ற இறுதி நிலைகளை வலப்புறம் ஒதுக்கி, ஆர்-ஈ என்ற முன்னொட்டை இடப்புறம் நிறுத்தி, நடுவில் எஞ்சி நிற்பது என்னவென்று நோக்குவார். சொற்களின் அமைப்பு மனத்தில் படிவது இங்கேதான். எழுத்துக்கூட்டல் பட்டியலை நூறு முறை எழுதச் செய்தாலும் கிட்டாத தெளிவு, ஒரு சொல்லைத் தானே தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்குக் கிட்டுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டிகளுக்குரிய அகராதியில் நம் பிள்ளைகள் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் சொற்கள் பல இருக்கின்றன. சாரோங், பாராங், இட்லி, தோசை ஆகிய யாவும் அங்கே செல்லும். சிற்றூரைக் குறிக்கும் கம்போங் என்பது ஆங்கிலத்தில் ஏழெழுத்துச் சொல். அதன் எழுத்துகளின் மதிப்பு 16, ஏழையும் வைத்ததற்கு 50, ஆகக் குறைந்தபட்சம் 66 புள்ளி. ஆங்கிலம் நமக்கு எட்டாத மொழி என்று மருளும் ஒரு மாணவி, தன் பாட்டி வாழ்ந்த இடத்தின் பெயரையே பலகையில் வைத்து அத்தனை புள்ளியும் பெறுவாளாயின், அவள் அச்சம் பாதி அன்றே நீங்கிவிடும்.

எழுத்துகளைத் தட்டிய மாத்திரத்தில் அவற்றில் அடங்கிய சொற்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் செயலிகள் இப்போது கைப்பேசியில் வந்துவிட்டன. ஆட்டம் முடிந்தபின் தவறவிட்ட சொல் எது என்று அறிவதற்கு அவை மிகவும் பிரயோஜனமானவை. தேடும் பிரயாசையையே அவற்றிடம் ஒப்படைத்துவிட்டால், அறிவுக்குரிய அப்பியாசம் யந்திரத்துக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் கையில் அவற்றை ஆட்டத்தின் நடுவே கொடுப்பது தகாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

பொருள் அறியாமலே சொற்களை மனப்பாடம் செய்துவிட முடியுமே என்று ஆசிரியர் சிலர் ஆட்சேபிக்கின்றனர். அது நியாயமான ஆட்சேபம். பல்லாண்டுகளாக மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தையும், 2024-இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் வென்றார். அபூர்வமான ஞாபகசக்தி படைத்த அவருடைய வழி பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியதன்று. வைத்த சொல்லின் பொருளைச் சொல்லி, அதை ஒரு வாக்கியத்தில் அமைத்துக் காட்டினாலன்றிப் புள்ளி இல்லை என்று வகுப்பறையில் ஒரு விதி செய்துகொண்டால் அக்குறை தீர்ந்துவிடும்.

தமிழுக்குக் கேடு விளையுமோ என்று அஞ்சுவோருக்கும் ஒரு சொல். எழுத்துகளை மாற்றியும் நீக்கியும் திருப்பியும் சொல்லாடுவதில் நம் முன்னோர் யாருக்கும் இளைத்தவர் அல்லர். மாலைமாற்று, அக்கரச்சுதகம், சுழிகுளம் முதலிய சித்திரகவி வகைகளைத் தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்தே உரைக்கிறது. திருஞானசம்பந்தர் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைக்கு இந்த ஆட்டம் அந்நியமாகாது. ஒரு வாரம் ஆங்கிலக் காய்கள், மறு வாரம் தமிழெழுத்து அட்டைகள் என்று வைத்தால் இரு மொழியும் வளரும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் மூன்று மொழிகளைச் சுமந்து செல்கின்றனர். அவற்றுள் ஆங்கிலமே பெரும்பாலோருக்குப் பலவீனமானது. ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, அத்தேர்வுக்காகப் பிள்ளைகளைப் பழக்கிய நேரமேனும் மிஞ்சியிருக்க வேண்டும். ஜாலான் யஹ்யா அவால் தமிழ்ப்பள்ளி முதலாக இம்மாநிலத்திலுள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நாலைந்து பலகைகளையும் ஒரு நல்ல அகராதியையும் வாங்கி வைத்து, புறப்பாட நடவடிக்கைக்குரிய நேரத்தில் வாரம் ஒரு மணியை இதற்கு ஒதுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். அதற்கு ஆகும் செலவு பெரிதன்று.