தெரு தெரியவில்லையா, கதவு திறக்கவில்லையா?



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் காரைக்காலில் இரண்டு சங்கதி நிச்சயம். அரசலாற்றில் புதுத் தண்ணீர் புரளும். வீட்டில் கரண்ட் போய்ப்போய் வரும். அப்படி ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் இந்தத் தடவை சொல்லப் போகிறேன். 'கம்ப்யூட்டர் சமாசாரமா?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது ஒரு மாத்திரையின் கதையும்கூட.

அன்று காலை என் மாமியாருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். "ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்று நாங்கள் இருவருமே தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். ராத்திரி சாப்பிட்டு, மாத்திரையைக் கையில் எடுத்தபோதுதான் அத்தைக்குப் பொறி தட்டியது.

"ஏம்மா, முன்னே தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலே ஒரு ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்குச்சே, அது என்ன மருந்து?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் 2018-இல் கஜா புயல் மழையில் அலமாரியோடு நனைந்து கூழாகிவிட்டது. நல்ல வேளையாக, அதற்கு முன்பே என் கணவர் எல்லாச் சீட்டுகளையும் ஸ்கேன் செய்து கூடத்துக் கம்ப்யூட்டரில் 'மருத்துவம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார். மாடியில் என் மகளின் லேப்டாப்பிலிருந்தே அதைத் திறந்து பார்க்கும்படி ஷேரிங்கும் செய்திருந்தார். பிரிண்டர் மாடியில்தானே இருக்கிறது!

மாடிக்கு ஓடினேன். மகள் ஃபோல்டரைத் தட்டினாள். சுற்றியது, சுற்றியது, கடைசியில் 'நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்' என்று வந்து நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடி அதே பாட்டு. கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. கீழேயிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அந்தப் பெட்டி இங்கே கூடத்திலேதானே இருக்கு? நேரா பாத்துட்டுப் போயேன்!"

சிரிப்பதா அழுவதா? வெளியூர் போயிருந்த கணவரிடம் போனில் பின் நம்பரைக் கேட்டு, கீழே உட்கார்ந்து திறந்தேன். கொட்டை எழுத்தில் இருந்தது: பென்சிலின் ஒவ்வாமை. கையில் இருந்ததோ அமாக்ஸிசிலின். அதுவும் பென்சிலின் குடும்பத்து மருந்துதான்! டாக்டரைப் போனில் பிடித்தோம். "அதைத் தொடவே வேண்டாம்" என்று வேறு மருந்து சொன்னார். தப்பு அவருடையதல்ல, கேட்டபோது சொல்லாத எங்களுடையது.

மறுநாள் சனிக்கிழமை. 'இன்றைக்கு இதை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை' என்று உட்கார்ந்தேன். பார்த்தால், கோளாறு ஒன்றல்ல, நான்கு! ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது எட்டிப் பார்த்தது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் இரவல் வாங்கப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் விழித்திருக்க வேண்டும். நீங்கள் அதே தெருவில் இருக்க வேண்டும். வீட்டு எண் சரியாக இருக்க வேண்டும். கதவு திறக்க வேண்டும். உள்ளே பீரோச் சாவியும் வேண்டும். இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டே போனால் எந்தக் கோளாறும் அகப்பட்டுவிடும்.

முதலில், விழித்திருக்கிறதா? கூடத்துக் கம்ப்யூட்டர் தூங்கப் போய்விட்டால் மாடியிலிருந்து எத்தனை தட்டினாலும் பதில் வராது. பவர் செட்டிங்கில், இத்தனை நிமிஷத்தில் தூங்கு என்று இருப்பதை மாற்றலாம். எங்கள் பெட்டி விழித்துத்தான் இருந்தது.

இரண்டாவது, ஒரே தெருவா? இங்கேதான் முதல் கோளாறு. கரண்ட் போனதும் ரவுட்டர் அணைந்தது. லேப்டாப் சமர்த்தாக மகளின் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொண்டது. கரண்ட் வந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டது! இன்டர்நெட் வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்டர்நெட் வருவது வேறு, இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வலையில் இருப்பது வேறு. இதைச் சோதிக்க, இரண்டிலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஐபிவி4 என்ற வரியில் 192.168.1.5 என்பதுபோல ஓர் எண் தெரியும். வீடுகளில் பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் ஒரே தெரு. 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் அதற்கு எண்ணே கொடுக்கவில்லை என்று அர்த்தம். வயரையோ வைஃபையையோ பாருங்கள்.

மூன்றாவது, வீட்டு எண். ரவுட்டர் அணைந்து எரிந்தால் இந்தக் கடைசி எண் மாறக்கூடும். எங்கள் லேப்டாப்பில் பழைய எண்ணை வைத்துத்தான் ஷார்ட்கட் போட்டிருந்தோம். கூடத்துப் பெட்டியோ புது எண்ணுக்குக் குடி போய்விட்டது! எண்ணுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரின் பெயரைப் போட்டுப் புதிதாக ஷார்ட்கட் செய்தேன். ரவுட்டரிலேயே ஓர் எண்ணை அந்தக் கம்ப்யூட்டருக்கென்று ஒதுக்கி வைப்பது இன்னும் உத்தமம்.

நான்காவது, வாசல் கதவு. போன மாதம் இடியில் ரவுட்டர் கருகி, புதிதாக ஒன்று மாட்டியிருந்தோம். விண்டோஸ் அதைப் புது ஊராக நினைத்து, ஜாக்கிரதையாக 'பப்ளிக்' என்று வைத்துக் கதவைச் சாத்திவிட்டது. ரயில்வே ஸ்டேஷனிலும் ஓட்டலிலும் அது நல்ல குணம்தான். சொந்த வீட்டில் மட்டும் 'பிரைவேட்' என்று மாற்றி, 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் திறந்து வைக்க வேண்டும்.

அப்பாடா! திரையில் இப்போது வேறு செய்தி வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. 'பாத் நாட் ஃபவுண்ட்' போய், 'யார் நீ?' என்று கேட்கிறதென்றால் வாசலுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். செய்தி மாறுவதே ஒரு முன்னேற்றம். அதைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள்.

கணவர் சொன்ன பின் நம்பரைப் போட்டேன். ஏற்கவில்லை. இதுதான் நான்காவது கோளாறு. பின் நம்பர் அந்தப் பெட்டியின் முன்னால் உட்காருகிறவர்களுக்கு மட்டும்தான். வலை வழியாக வருகிறவர்களுக்குக் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் வலை வழியாக உள்ளே விடாது. கூடத்துப் பெட்டியில் மகளுக்கென்று தனியாக ஒரு சிறு கணக்கு உண்டாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அதையே மாடியில் போட்டேன். கதவு திறந்தது!

உள்ளே போன பிறகு 'ஆக்ஸஸ் டினைட்' என்று வந்தால் அது பீரோச் சாவி. ஃபோல்டருக்கு இரண்டு பூட்டு உண்டு: ஷேரிங்கில் ஒன்று, செக்யூரிட்டியில் ஒன்று. இரண்டிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும்.

இந்த அமர்க்களத்தின் நடுவில் தெருப்பிள்ளை ஒருவன் வந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஃபயர்வாலை அணைச்சுடுங்க, பாஸ்வேர்டை எடுத்துடுங்க, பழைய எஸ்.எம்.பி. ஒண்ணைப் போட்டுடுங்க, உடனே வேலை செய்யும்!"

வேலை செய்யும்தான். பூட்டு சண்டித்தனம் செய்கிறதென்று கதவையே பெயர்த்தெறிந்தாலும் உள்ளே போகலாம்! எஸ்.எம்.பி. என்பது கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் பாஷை. 1980-களில் பிறந்தது. அதன் முதல் வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்து, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதே வருஷக் கடைசியிலிருந்து புதிதாக வந்த விண்டோஸ் 10-இல் அந்தப் பழைய பாஷையைத் தானாகப் போடுவதில்லை. பழைய டிஸ்க் பெட்டி ஒன்று அதைக் கேட்கிறதென்றால், பெட்டியை மாற்றுங்கள், பாஷையைக் கொண்டுவராதீர்கள். வீட்டிலே சீக்குச் சீட்டு, பத்திரம், பாங்க் கணக்கு எல்லாம் அதில் இருக்கிறதே!

இன்னொன்று. ஆனி மாதம் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா வந்தால் எங்கள் வீட்டில் உறவு ஜனம் நிரம்பி வழியும். மாம்பழம் இறைப்பதைப் பார்க்க வருகிற அத்தனை பேரும் முதலில் கேட்பது, "வைஃபை பாஸ்வேர்டு என்ன?" இல்லையென்று சொல்ல முடியுமா? ரவுட்டரில் 'கெஸ்ட்' என்று விருந்தாளி வைஃபை இருந்தால் அதைக் கொடுங்கள். அவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும். பெரும்பாலான ரவுட்டர்களில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கண்ணில் படா. இதையே திருப்பிப் பாருங்கள்: உங்கள் லேப்டாப் தெரியாமல் விருந்தாளி வைஃபையில் போய் உட்கார்ந்திருந்தால், கூடத்துப் பெட்டி அதற்கும் தெரியாது!

சாயங்காலம் எல்லாம் சரியாயிற்று. மாடியிலிருந்து அத்தையின் சீட்டை அச்சடித்துப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது எல்லாம் சரிதான். கரண்ட் இல்லாத அன்னைக்கு என்ன பண்ணுவே?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். ஷேரிங் என்பது ஒரே ஃபைலை இரண்டு இடத்திலிருந்து பார்ப்பதுதான். இரண்டு பிரதி அல்ல. கூடத்துப் பெட்டியின் டிஸ்க் கெட்டால் மாடியிலும் ஒன்றுமிருக்காது. அன்றே பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துப் பீரோவில் வைத்தேன்.

அத்தோடு, ஓர் அட்டையில் 'பென்சிலின் ஒத்துக்காது' என்று பெரிதாக எழுதினேன். ஒன்று அத்தையின் சுருக்குப்பையில், ஒன்று சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில், ஒன்று என் கைப்பையில். இனி எந்த டாக்டர் கேட்டாலும், மருந்துக் கடையிலும்கூட, முதலில் அந்த அட்டைதான்.

உங்கள் வீட்டில் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காது என்று இந்த நிமிஷம் உங்களால் சொல்ல முடியுமா? முடியாதென்றால் கம்ப்யூட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஓர் அட்டையும் பேனாவும் எடுங்கள், சகோதரிகளே!