பூட்டில்லாத வாசல்

பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் திண்டுக்கல். 2019-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடும் பெற்ற அந்தப் பூட்டைத் தெருக்கதவில் தொங்கவிட்ட ஒருவர், அதே வீட்டின் மற்றொரு வாசலைத் திறந்து போட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகிறார் என்றால் நம்புவது கடினம். ஆயினும் இன்று பல வீடுகளில் நடப்பது அதுவே. அந்த வாசல் மரத்தாலானதன்று, கண்ணுக்குத் தெரிவதுமன்று. வைஃபை என்று சொல்லப்படும் கம்பியில்லா இணையமே அது.

பழனியை அடுத்த தொப்பம்பட்டி போன்ற ஊர்கள் இதைப் பட்டணத்து விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைப்பதற்கென்றே பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது. தனியார் கம்பெனிகளின் கம்பியும் கிராமத் தெருக்களுக்கு வந்துவிட்டது. கம்பி வீட்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது. ரூட்டர் என்னும் சிறு பெட்டியிலிருந்து கிளம்பும் அலையோ சுவரோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் எதிர்ச்சாரிக்கும் அது எட்டுகிறது. நிலத்துக்கு எல்லை காட்ட வரப்பு உண்டு. இந்த அலைக்கு எல்லை கடவுச்சொல் ஒன்றே.

"அயலார் சற்று உபயோகித்துக்கொண்டால் நமக்கு என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர் பலர். வேகம் குறையும் என்பது சிறு நஷ்டம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. நமது இணைப்பின் வழியாக வெளியே செல்லும் ஒவ்வொரு செய்தியும் நமது இணைப்பின் விலாசத்தைத் தாங்கியே செல்கிறது. எழுதிய கை எவருடையது என்பது அதில் பொறிக்கப்படுவதில்லை.

இது வெறும் ஊகமன்று. 2008-ஆம் வருஷம் ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத் நகரில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில நிமிஷங்கள் முன்னதாகப் பத்திரிகை ஸ்தாபனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் விலாசத்தைத் தொடர்ந்து சென்ற போலீஸார் நவி மும்பையில் சான்பாடா என்னும் இடத்தில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டு வாசலில் போய் நின்றனர். அவருடைய வைஃபைக்குக் காவல் இல்லை. சதிகாரர் அதனுள் புகுந்து தமது கடிதத்தை அனுப்பியிருந்தனர். அவருடைய கம்ப்யூட்டர் கைப்பற்றப்பட்டது. அவர் விசாரணைக்கு உள்ளானார். அவர் பெயர் நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. ஆகஸ்டு 23-ஆம் தேதி மற்றொரு கடிதம். இம்முறை மும்பை மாதுங்காவிலுள்ள ஒரு கல்லூரியின் இணைப்பு. செப்டம்பர் 13-ஆம் தேதி டில்லியில் குண்டுகள் வெடித்தபோது மூன்றாவது கடிதம். அது செம்பூரில் ஒரு கம்பெனி ஆபீஸின் வைஃபையிலிருந்து போயிருந்தது. அகமதாபாத் வழக்கில் 49 பேர் குற்றவாளிகள் என்று தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 பிப்ரவரியில். ஆனால் வாசலைத் திறந்து வைத்திருந்தவர்மீது சந்தேகம் விழுந்தது முதல் வாரத்திலேயே.

பயங்கரச் சதி நமது கிராமத்துக்கு வராது என்று இருந்துவிடலாகாது. பண மோசடி, பெண்களை அவதூறு செய்யும் செய்தி, மிரட்டல் கடிதம் ஆகியவை எந்த ஊரிலிருந்தும் போகக்கூடியவை. அவற்றுள் ஒன்று நம் வீட்டு விலாசத்தோடு போனால், நாம் அல்ல என்று காட்டும் தொல்லை நம் தலையில் வந்து விழும்.

அயலார் நுழைந்திருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது எப்படி? இணையம் மந்தமாக இருப்பது ஒன்றே சாட்சியாகாது. அது கம்பெனியின் குறையாகவும் இருக்கலாம். நிச்சயமான வழி ஒன்று உண்டு. ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் ஒரு விலாசம் அச்சிடப்பட்டிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 என்பது போன்ற எண். அதைச் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ தட்டினால் பெட்டியின் நிர்வாகப் பக்கம் திறக்கும். அந்நேரத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் அங்கே கிடைக்கும். வீட்டிலுள்ள செல்போன், டெலிவிஷன், காமிரா எல்லாவற்றையும் எண்ணி, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். நம்முடையவை அனைத்தும் நின்ற பிறகும் பட்டியலில் எஞ்சி நிற்பது அயலாருடையது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலாகவும், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலாகவும், செல்போன்கள் தமது உண்மையான எண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டுகின்றன. ஆகையால் அறியாத எண் ஒன்றைக் கண்டவுடன் பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குப் புறப்படுவது விவேகமன்று. கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் புகுந்தவர் எவராயினும் அக்கணமே வெளியேறுவார். வழக்கும் இல்லை, வம்பும் இல்லை.

மாற்றும் சொல் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியமான கேள்வி. நம்மவரில் பலர் தமது செல்போன் எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கின்றனர். நம் நாட்டுச் செல்போன் எண் பத்து இலக்கம்; முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆகவே மொத்தம் 400 கோடி எண்களே சாத்தியம். இது பெருந்தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சாதனம் வைஃபையில் இணையும்போது நிகழும் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொண்டு போய், தன் வீட்டிலிருந்தபடியே விநாடிக்கு லட்சக்கணக்கான சொற்களைப் பொருத்திப் பார்க்கும் யந்திரம் இன்று விலைக்குக் கிடைக்கிறது. அதற்கு 400 கோடி என்பது சில மணி நேர வேலை. குழந்தையின் பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்த சொல்லுக்கு அவ்வளவு நேரமும் வேண்டாம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து, இடையே சில எண்களையும் சேர்த்த நீண்ட தொடரே உறுதியானது.

பூட்டின் ஜாதியையும் கவனிக்க வேண்டும். 1997-இல் வந்த வெப் என்னும் முறை 2001-லேயே உடைக்கப்பட்டது. அதை வைத்திருப்பதும் கதவைத் திறந்து வைப்பதும் ஒன்றே. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2 முறையோ, 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 முறையோதான் இன்று தகுந்தது. எட்டு இலக்க எண்ணைக் கொண்டு எளிதில் இணைய உதவும் டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதியின் ஓட்டை 2011-இல் வெளியாயிற்று; அதை நிறுத்திவிடுவதே நலம். வைஃபையின் பெயரை மறைத்து வைப்பது வீட்டுப் பெயர்ப் பலகையைக் கழற்றி வைப்பது போன்றது, அது பூட்டாகாது. நிர்வாகப் பக்கத்துக்குத் தனிச் சாவி ஒன்று உண்டு என்பதையும் மறக்கலாகாது. தொழிற்சாலையில் இட்ட சொல்லையே மாற்றாது விட்ட காமிராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றிய 'மிராய்' என்னும் கள்ள நிரல், 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய இணைய ஸ்தாபனங்களையே சில மணி நேரம் முடக்கிற்று.

இவ்வளவும் சொன்னதனால் நாம் கருமித்தனத்தை உபதேசிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு இணைப்புக் கொடுப்பது தருமம். தண்ணீர் கேட்டவனுக்குச் சொம்பில் கொடுக்கிறோம். அதற்காகப் பெட்டிச் சாவியைக் கொடுப்பதில்லை. பல ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வழி ஒன்று இருக்கிறது. அதற்கு வேறு சொல் வைத்து, அறிந்தவருக்கு அறிந்து கொடுத்து, தேவை தீர்ந்ததும் மாற்றிவிடலாம். கொடுப்பவன் அறிந்து கொடுப்பது தானம். அவன் அறியாமல் எடுப்பது களவு. அனுமதியின்றி நுழைவது 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுக்கு விரோதமானது. வஞ்சக எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறையும், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளையாட்டாக இதில் இறங்கும் இளைஞர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

குடித்தனக்காரர்மீது மாத்திரம் பாரத்தைச் சுமத்துவது நியாயமன்று. மும்பைச் சம்பவங்களுக்குப் பிறகு, 2009 பிப்ரவரியில் மத்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா, வைஃபையைப் பாதுகாப்பாக உபயோகிப்பது பற்றி இணையக் கம்பெனிகளுக்குக் கட்டளைகள் பிறப்பித்தது. கட்டளை காகிதத்தில் இருந்தால் போதாது. பெட்டியை மாட்ட வரும் ஊழியர் வீட்டாரைக் கொண்டே கடவுச்சொல்லை மாற்றச் செய்த பின்னர்தான் படியிறங்க வேண்டும். நிர்வாகப் பக்கமும் விளக்கச் சீட்டும் தமிழில் இருக்க வேண்டும். சந்தா வாங்கும்போது தமிழ் பேசும் கம்பெனிகள் காவல் சொல்லித்தரும்போது மாத்திரம் ஆங்கிலம் பேசுவது எவ்விதத்தில் நீதி? தொப்பம்பட்டியின் உழவரும் வியாபாரியும் புரிந்துகொள்ள முடியாத பூட்டு, பூட்டியும் பயனற்றது. ஊராட்சி மன்றங்களும் நூலகங்களும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி இதைச் செய்து காட்டலாம்; அரை மணி நேரத்தில் முடிகிற காரியம்.

போலீஸாருக்கும் ஒரு வார்த்தை. விலாசம் காட்டுவது இணைப்பை; குற்றவாளியை அன்று. விலாசத்தை விசாரணையின் தொடக்கமாகக் கொள்ளட்டும். தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்னும் எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வழி செய்திருப்பதைப் பாராட்டுகிறோம். தம் இணைப்பில் அந்நியர் புகுந்ததாகத் தாமே முன்வந்து சொல்லும் குடிமகனையும் குற்றவாளிபோல் நடத்தாது, சாட்சியாக மதித்து நடத்துவார்களானால், பயமின்றி முறையிடப் பலர் முன்வருவர்.

இணையம் கிராமத்துக்கு வந்தது பெரும் பேறு. பிள்ளைகளின் படிப்புக்கும் காய்கறிச் சந்தையின் விலை நிலவரத்துக்கும் சர்க்கார் மனுக்களுக்கும் அது வழி திறந்திருக்கிறது. வழியைத் திறந்தவர்களுக்கு வாசலைக் காக்கும் கடமையும் உண்டு. இன்றிரவு விளக்கை அணைப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அந்தப் பட்டியலை ஒரு முறை திறந்து பார்க்கட்டும்.