கம்பியைக் கழற்றாதீர்கள்

உயரத்தைக் குறைத்த வேனுக்கு முன்பக்க ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி தேவையில்லை, கழற்றிவிட்டால் ஓட்டம் சொகுசாகிவிடும் என்கிறார்கள். பழைய டொல்பின் (ஹையேஸ்) வேன்களை ஆசையாய் வைத்திருப்பவர்களிடையே இது கேள்வி கேட்கக்கூடாத உண்மைபோலப் புழங்குகிறது. இது தவறு. பன்வில வழியாக மடுல்கெல்லவுக்கு ஏறி இறங்கும் பாதையில், இதை நம்பி ஆள் ஏற்றிச் செல்வது பெருந்தவறு.

அந்தக் கம்பியின் நடுப்பகுதி ரப்பர் புஷ்களால் சேஸிஸில் பிடிக்கப்பட்டிருக்கும்; இரு முனைகளும் இருபக்கச் சக்கரங்களைத் தாங்கும் கைகளோடு லிங்குகள் வழியாக இணைந்திருக்கும். இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக மேடேறினால் அது புஷ்ஷுக்குள் சும்மா திரும்பும், ஓட்டத்தை இறுக்காது. ஒரு சக்கரம் எழுந்து மற்றது தாழும்போதுதான் முறுக்கேறி எதிர்க்கும். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது நடப்பதும் அதுவே. ஒற்றைச் சக்கரம் குழியில் இறங்கினால் உடம்பைக் கூடுதலாக உலுப்பும் என்பது மெய்தான். தோட்டத்துக் கல்பாதையில் அது தெரியும். கழற்றுவதால் கிடைக்கும் சொகுசு அவ்வளவுதான்.

"வண்டி தாழ்ந்து இறுகிவிட்டதே, இனி எங்கே சாயப்போகிறது?" என்பது அடுத்த வாதம். 1989இல் வந்த அந்த ஹையேஸ் தலைமுறையின் முன்பக்கத்தைத் தாங்குவது, ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார். அதன் போல்ட்டைத் தளர்த்தினால் நிற்கும் உயரம் குறையுமே தவிர, டோர்ஷன் பாரின் விறைப்பு கூடாது. சக்கரம் மேலெழ இருந்த இடம்தான் சுருங்கும். இறுக்கம் என்று ஓட்டுபவர் உணர்வது, அந்த இடத்தின் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டொப்பில் விழும் அடியை. வண்டியின் ஈர்ப்பு மையம் சற்று இறங்குவது உண்மை. ஆனால் மேல், கீழ்க் கைகளின் கோணமும் மாறுவதால், உடல் எந்தப் புள்ளியைப் பற்றிச் சாய்கிறதோ அது பெரும்பாலும் இன்னும் அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி கூடக்கூட, சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீளும். ஆகவே தாழ்த்திய வண்டிக்குத்தான் அந்தக் கம்பி இன்னும் அவசியம்.

கழற்றிய வேன் மழையில் இறக்கத்து வளைவில் திரும்பும்போது, சாய்வைத் தடுக்கும் வேலையில் முன்பைவிடக் கூடுதல் பங்கு பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகள் மேல் விழும். பிரேக் பிடித்ததால் பின்சக்கரங்கள் ஏற்கெனவே இலேசாகியிருக்கும். வால் வழுக்கத் தொடங்குவது அங்கேதான். இன்னும் சாய்ந்தால் முன்பக்கம் பம்ப் ஸ்டொப்பில் முட்டி, நொடியில் இறுகி, இப்போது முன்சக்கரம் பிடி நழுவும். ஒரே வளைவுக்குள் வண்டியின் குணம் இரண்டு முறை மாறினால் எந்தக் கெட்டிக்கார ஓட்டுநர் கணிப்பார்?

அமெரிக்காவில் பின்பக்க எஞ்சினோடு 1960 மாடலாக வந்த ஷெவர்லே கோர்வேர் காருக்கு முன்பக்க ஸ்டெபிலைசர் பார் வழக்கமான பொருத்தமாக இல்லை. திடீர் வளைவில் வால் வீசுகிறதென்று வழக்குகள் குவிந்தன. 1965இல் ரால்ஃப் நேடர் தம் நூலில் அதைக் கடுமையாகச் சாடினார். அக்காலத்துப் பிற கார்களைவிட அது மோசமில்லை என்று 1972இல் அரசு ஆய்வொன்று சொன்னதும் உண்டு. ஆனால் அந்த நிறுவனமே 1964 மாடலில் கம்பியை எல்லாக் கார்களுக்கும் பொருத்திவிட்டது. அவர்கள் சேர்த்ததை நாம் கழற்றுகிறோம்.

"ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை" என்பவர்கள் கராஜுக்கு முன்னால் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டியிருப்பார்கள். அதே வளைவில் 30இல் போனால் வெளியே தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு.

கம்பியைக் கழற்றத் தூண்டுவது பெரும்பாலும் சத்தம். தாழ்த்தியதும் லிங்கின் கோணம் கெட்டு, பழைய புஷ் தேய்ந்து, கம்பி எதிலாவது தட்டும். புஷ்களை மாற்றுங்கள். புதிய உயரத்துக்கு ஏற்ற குட்டை லிங்க் போடுங்கள். வண்டி நான்கு சக்கரங்களிலும் தரையில் நிற்கும்போது போல்ட்டுகளை இறுக்குங்கள். ஜாக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுக்கோடு உட்கார்ந்து சீக்கிரம் கிழியும். அதற்குப் பிறகும் தட்டினால், டோர்ஷன் பார் போல்ட்டை இறுக்கி, தட்டாத அளவுக்கு வண்டியை உயர்த்துங்கள்.